வலது பக்கப் பெட்டி

எந்த ஒயர் வாங்கலாம், எந்த ஆம்ப்ளிஃபயர் இனிமையாகப் பாடும், இசைத்தட்டில் கேட்பது நல்லதா போனிலிருந்து கேட்பது நல்லதா என்று நம் ஸ்டீரியோ மெக்கானிக்குகள் வாட்ஸாப் குழுவில் நீங்கள் அடித்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் போடுவதில்லை. வீடு வீடாகப் போய் ஸ்டீரியோ மாட்டி, பழுது பார்த்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு இப்போது செங்கல்பட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் நான். சும்மா இருப்பவன் வாயைத் திறந்தால் நிற்காது என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். "கஸ்டமர் ஒரு பக்கம் சவுண்டு கம்மின்னு சொல்றார், செக் பண்ணா ரெண்டும் சரியா இருக்கு, என்ன செய்யறது?" அதற்கு வந்த ஏழெட்டுப் பதில்களும் ஒன்றுதான். பேலன்ஸ் குமிழைக் கொஞ்சம் திருப்பிவிட்டு வந்துடு. சிரிக்கிற பொம்மை வேறு. இந்த யோசனையை நான் இளைஞனாக இருந்தபோதே என் முதலாளி எனக்குச் சொல்லிவிட்டார். பல வருஷம் அது எனக்குச் சோறு போட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளி கெட்ட மனிதர் அல்ல. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னக் கடை, உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அவர் சொல்வார், "ரெண்டு விதமான குறை கீதுப்பா. பொட்டில கீற குறை ஒண்ணு, ஆளுகிட்ட கீற குறை ஒண்ணு. மொதல் குறைக்கு ஸ்குரூ டிரைவர எடு. ரெண்டாவதுக்கு ஒரு வேல செய்யற மாதிரி காட்டு."

அது எப்படி என்று ஒருமுறை செய்து பார்த்தேன். கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. ஓய்வு பெற்ற அதிகாரி, கர்நாடக சங்கீதப் பித்து. வீடு மாறி வந்ததிலிருந்து குரல் தடித்துவிட்டது என்றார். நான் கேட்டுப் பார்த்தேன், ஒரு தடிப்பும் இல்லை. அலமாரிக்குப் பின்னால் போய் ஒயரைக் கழற்றினேன், துணியால் துடைத்தேன், அதே ஒயரை அதே இடத்தில் மாட்டினேன். பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன், பொய்க்கு மரியாதை வேண்டாமா? அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பதாம்ப்பா பாடறவங்க மூச்சு விடறது கேக்குது" என்றார். கடைக்கு வந்து முதலாளியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவரு சந்தோஷமா கீறாரா? அப்ப நீ செஞ்சது வேலதான்" என்றார்.

அதிலிருந்து எனக்கு ஒரு திமிர் வந்தது. ஒருவர் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் இது பெட்டிக் குறையா ஆள் குறையா என்று எடை போட்டுவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு பக்கம் சத்தம் கம்மி என்று பத்துப் பேர் கூப்பிட்டால் நாலு பேர் வீட்டில் சோபா நகர்ந்திருக்கும், இரண்டு பேர் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் சாமி படமோ துணிக் கூடையோ வந்து உட்கார்ந்திருக்கும், ஓரிருவருக்கு உண்மையிலேயே ஒயர் விட்டுப்போயிருக்கும். மிச்சப் பேருக்கு, ஒரு பக்கத்தைக் கூட்டி மறுபக்கத்தைக் குறைக்கும் அந்த பேலன்ஸ் குமிழ். கடிகார முள் போல் அது பன்னிரண்டு மணியில் நிற்கும். அதை ஒரு மணிக்குத் திருப்பினால் போதும், மனம் குளிர்ந்துவிடும்.

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்கிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு குப்பம். அங்கே படகு இன்ஜின் மெக்கானிக் ஏழுமலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். மீன் பிடிக்கப் போகிறவர் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து நாலைந்து குப்பங்களில் எந்த ஃபைபர் படகு கடலுக்குள் இறங்கினாலும் அதன் இன்ஜினை அவர் ஒருமுறையாவது பிரித்துப் போட்டிருப்பார். அவருடைய கருவி காதுதான். படகு கரையை நெருங்கும்போதே மணலில் நின்றபடி, "அந்த ரெண்டாவது படகு, ப்ளக்கு போவப்போவுது, சொல்லு அவன்கிட்ட" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அவர் மனைவி அஞ்சலை திருக்கழுக்குன்றம் சந்தையில் மீன் விற்பவர். வீட்டில் குரல் அவருடையதுதான், ஏழுமலை அதிகம் பேசமாட்டார்.

அந்த மனிதருக்குப் பழைய சினிமாப் பாட்டுப் பைத்தியம். எங்கள் கடையில் நல்ல ஸ்டீரியோ ஒன்றை வாங்கினார். மாட்டப் போன நான் அசந்துபோனேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த இரண்டு அறை கான்கிரீட் வீடு. அப்படிப்பட்ட அறையில் கைதட்டினால் தகர டப்பாவுக்குள் தட்டியது போல் இருக்கும். இவர் பின்சுவரில் ஒரு முழம் கனத்துக்குப் பழைய வலையை மடித்து மடித்துத் தொங்கவிட்டிருந்தார். பெட்டிகளை வைக்க சிமெண்டுக் கல், கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே படகு இன்ஜினிலிருந்து கழற்றிய ரப்பர் கட்டை. "இன்ஜின் அதிர்றத படகுக்கு அனுப்பாம இது நிறுத்துதுல்ல, அது மாதிரி இதுவும் தரைக்கு அனுப்பாது" என்றார். வெளிநாட்டுப் பத்திரிகை படித்துவிட்டு வந்து என் உயிரை எடுக்கும் ஆட்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றாத காரியம் அது. கேட்டுப் பார்த்தேன். மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டால், அந்த வட்டாரத்தில் நான் கேட்ட நல்ல அறைகளில் அதுவும் ஒன்று.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளே அவர் இடப்பக்கப் பெட்டியைக் காட்டி, "இதுல மேல கீற சின்ன ஸ்பீக்கரு பேசல அண்ணாத்த" என்றார். எனக்குக் கேட்கவில்லை. பேசுகிறது என்று சாதித்தேன். பெட்டியில் காதை வைத்துப் பார்த்தால் உண்மையிலேயே பேசவில்லை, ஒரு கம்பி விட்டிருந்தது. என்னைவிடக் கூர்மையான காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பின்னால் அந்தத் தப்பைச் செய்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முந்தி, ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணாத்த, வலது பக்கம் பொட்டி பூட்ச்சு."

"இன்னா பூட்ச்சு? சத்தமே வரலியா?"

"வருது. செத்தா மாதிரி வருது. நேத்து காலில எழுந்து போட்டேன், அப்படித்தான் கீது."

மறுநாள் ஸ்கூட்டரில் போனேன். கடல் காற்றில் பெட்டியின் பின்னால் கம்பி மாட்டும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. கடலோர வீடுகளில் இது வழக்கம். சுரண்டித் துடைத்து மாட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "இல்ல அண்ணாத்த, அப்படியேதான் கீது."

சரி என்று வலது பக்கப் பெட்டியைத் தூக்கி இடப்பக்கம் வைத்தேன், இடப்பக்கத்துப் பெட்டியை வலது பக்கம். பெட்டியில் குறை இருந்தால் அந்தப் பெட்டியோடு அதுவும் இடப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வலது பக்கம்தான் கம்மி என்றார். ஆம்பில் ஒயர்களை மாற்றிக் குத்தினேன். அப்போதும் வலது பக்கம்தான். அவரை எழுப்பிவிட்டு நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பக்கமும் தராசுத் தட்டுப் போல் சமமாக இருந்தது. எதை மாற்றினாலும் குறை நகரவில்லை. அப்படியென்றால் பெட்டியில் இல்லை, ஒயரில் இல்லை, ஆம்பில் இல்லை. மிச்சம் இருப்பது ஆள்.

இதுவரை நான் யோசித்தது முழுக்கச் சரி. மிச்சம் இருப்பது ஆள் என்று கண்டுபிடித்துவிட்டேன். அதற்கடுத்த அடியை எடுத்து வைக்காமல், ஆள் என்றால் மனசு என்று முடிவு கட்டினேன். கூடுவாஞ்சேரி அதிகாரியின் பட்டியலில் ஏழுமலையையும் சேர்த்தேன். ஒரு கம்பி விட்டுப்போனதைக் காதால் கண்டுபிடித்த மனிதரை, கற்பனை செய்கிறார் என்று நினைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அஞ்சலை டீ கொண்டு வந்தார். ஏழுமலை டம்ளரை வாங்கத் திரும்பிய நேரத்தில் குமிழை ஒரு மணிக்கும் கொஞ்சம் தாண்டித் திருப்பினேன். மறுபடி அதே பாட்டைப் போட்டேன்.

"இப்ப?"

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "ஆங். இப்ப வந்துச்சு" என்றார்.

"உப்புதான். ஒயர்ல ஏறியிருந்துச்சு. பொட்டி ரிப்பேருதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, வழியில் கல்பாக்கம் பக்கம் இன்னொரு வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்தேன். மனசில் ஒரு உறுத்தலும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி போன். "அண்ணாத்த, திரும்ப செத்துப்பூட்ச்சு."

எனக்கு எரிச்சல். காற்றழுத்தத் தாழ்வு என்று வாரம் முழுக்க மழை. "உப்புக் காத்துப்பா, மழ வேற. புதன்கெழம வர்றேன்" என்றேன். புதன்கிழமைதான் போனேன்.

மழை விட்டிருந்தது. எச்சரிக்கை காரணமாகக் கரையில் இழுத்து வைத்திருந்த படகுகள் மறுநாள் கடலுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஏழுமலையின் வீட்டு வாசலில் எட்டு இன்ஜின்கள் வரிசையாகக் கிடந்தன. வீட்டுக்குள்ளும் ஒன்று. நடு அறையில் சாக்கு விரித்து, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ பாட்ட போட்டுப் பாரு அண்ணாத்த, நான் இப்படியே கேக்கறேன். கைல எண்ணெய் கீது."

குமிழ் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. பாட்டைப் போட்டேன். "இப்ப எப்படி கீது?"

அவர் கையிலிருந்த பிரஷ் நின்றது. "இன்னா அண்ணாத்த, இப்ப லெஃப்டு பொட்டி செத்துப்பூட்ச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பத்து நாளாக வலது பக்கம் கம்மி என்றவர், இப்போது இடது பக்கம் என்கிறார். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது ஒன்றே ஒன்று. அவர் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கப் பெட்டி இப்போது அவருடைய வலது காதுப் பக்கம் இருக்கிறது.

புரிந்துவிட்டது. இருந்தாலும் தொழில் புத்தி, இன்னொரு முறை சோதிக்கச் சொன்னது. "எழுந்து நாற்காலில உக்காரு. பொட்டியப் பாத்து உக்காரு" என்றேன். உட்கார்ந்தார். "இப்ப?"

"இப்ப ரைட்டு செத்துது."

"திரும்பி உக்காரு."

"இப்ப லெஃப்டு."

ஆள் திரும்பும்போது குறையும் கூடவே திரும்புகிறது. பாட்டை நிறுத்தினேன். என் போனில் மணியடிக்க விட்டு அவருடைய இடது காதருகே பிடித்தேன். தலையாட்டினார். அவருடைய இடது காதை உள்ளங்கையால் இறுக்கி அடைத்துவிட்டு வலது காதருகே பிடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அலறிக்கொண்டிருந்தது, வாசலில் நின்ற அஞ்சலை திரும்பிப் பார்த்தார். ஏழுமலை, "இன்னும் போடலியா?" என்று கேட்டார்.

என் தொழிலில் எத்தனையோ பேர் வீட்டில் பயந்திருக்கிறேன். விலை உயர்ந்த ஆம்பிலிருந்து புகை வந்திருக்கிறது, பெரிய மனிதர் வீட்டில் பெட்டியைக் கீழே போட்டு உடைத்திருக்கிறேன். அன்று வந்த பயம் அந்த வகை இல்லை. எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர் காது மருத்துவர். பெட்டி மாட்டப் போனபோது பேச்சுவாக்கில் ஒருமுறை சொல்லியிருந்தார், ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தால் அதைச் சளி, அழுக்கு என்று விட்டுவிடக் கூடாது, நாள் போகப் போக மருந்து வேலை செய்யாது என்று. அன்றைக்குச் சும்மா உம் கொட்டிக் கேட்ட பேச்சு அது. அவருக்குப் போன் போட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டார். மனசுக்குள் எண்ணிவிட்டு, "பதினோரு நாள் சார்" என்றேன். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டார்.

ஏழுமலை அசையவில்லை. "தண்ணி பூந்துகினு கீது அண்ணாத்த. மழயில நெனஞ்சேன்ல. தானா வந்துடும். வெளில பாரு, எட்டு இன்ஜின் கீது. நாளைக்கு அவங்க கடலுக்குப் போவணும். பத்து நாளா ஒருத்தன் வூட்டுலயும் வருமானம் இல்ல."

"நாளைக்கு வேணாம், இன்னிக்கே போவணும்னு டாக்டர் சொல்றாரு."

"நாளான்னிக்குப் போவலாம்."

நான் வாதாடினேன். டாக்டர் சொன்னதை இரண்டு முறை சொன்னேன். மனிதர் பிரஷை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் ஒன்று சொல்லியிருக்கலாம். போன வாரம் சரியானது பெட்டி இல்லை, நான்தான் குமிழைத் திருப்பிவிட்டுப் பொய் சொன்னேன், அதில் உன் எட்டு நாள் போய்விட்டது என்று. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அப்போதே எழுந்திருப்பார். என் வாயில் வரவில்லை.

அஞ்சலைதான் முடித்து வைத்தார். கார்புரேட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கி, வாசலில் நின்றிருந்த படகுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "நைனா, இவுரு இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாரு. இன்ஜின எடுத்துகினு வேற ஆள பாருங்க." பிறகு உள்ளே வந்து கணவர் முன்னால் நின்று, இடது காதுப் பக்கமாகக் குனிந்து, "இன்ஜின் எங்கியும் ஓடிடாது. ஏறு வண்டில" என்றார். நான் அன்றுதான் கண்டுபிடித்ததை அவர் ஏற்கெனவே பழகியவர் போல் செய்தது எப்படி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பத்து நாளாக அந்த வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்தார்கள். தலையில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலியாக விட்டு, கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். ஆயுசு முழுக்க நான் பெட்டிகளைச் சோதித்தவன். காதைச் சோதிப்பதை அன்றுதான் பார்த்தேன். இடது காதுக்கு ஒலி விட்டபோது விரல் உடனே உடனே எழுந்தது, நான் கண்ணாடிக்கு வெளியில் நின்று எண்ணினேன். வலது காதுக்கு மாறியதும் விரல் மடியிலேயே கிடந்தது. ஒலி போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பது மிஷினை இயக்கிய பெண்ணின் கையைப் பார்த்தால் தெரிந்தது. அங்கே நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றார்.

"பதினோரு நாளா" என்றார் ஏழுமலை.

"ஏங்க இவ்ளோ நாள்? மொத ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்."

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. "வேல நெறய இருந்துச்சு டாக்டரம்மா" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை. குமிழைத் திருப்பியதைவிட இதுதான் பெரிய தப்பு என்று இன்றும் நினைக்கிறேன். அது பழக்கத்தில் செய்தது, இது தெரிந்தே செய்தது.

மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். நாலைந்து முறை அவரை நான்தான் கூட்டிப்போனேன். மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனைக் காகிதத்தில், வலது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. தவில், கனத்த குரல் மாதிரியான கீழ்ச் சத்தங்கள் வலது காதில் மங்கலாகக் கேட்டன. புல்லாங்குழல், சலங்கை, ப்ளக் தெறிக்கும் சத்தம் எல்லாம் போனது போனதுதான். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் முழுசாகத் திரும்பியிருக்குமா என்று தனியாகப் போய் டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. அந்த 'சொல்ல முடியாது' எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஏழுமலை தொழிலை விடவில்லை. ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியை இடது காதெலும்பில் அழுத்திக் கேட்டு வேலை செய்தார். மணலில் நின்றுகொண்டு எந்தப் படகு என்று சொல்வது மட்டும் நின்றுபோனது. சத்தம் கேட்டது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு இரண்டு காது வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். ஒரு பக்கம் கம்மி என்று ஒருவர் சொன்னால் பெட்டியை மாற்றுங்கள், ஒயரை மாற்றுங்கள். அதிலும் குறை நகரவில்லையென்றால், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரைப் பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். குறை பக்கம் மாறினால் கருவிப் பையை மூடிவிட்டு, அவரை அன்றைக்கே காது டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை நான் செய்யவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் அவர் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். ஒரு காதால் கேட்பவருக்கு ஸ்டீரியோ பாதிப் பாட்டைத்தான் கொடுக்கும். வலது பக்கம் வயலினைத் தனியாக வைத்துப் பதிவு செய்திருந்தால் அவருக்கு வயலினே இல்லாத மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து, இரண்டு பெட்டியிலும் எல்லாமே வரும்படி செய்துகொடுத்தேன். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"எப்படி கீது?" என்றேன்.

"எல்லாம் கீது அண்ணாத்த. வயலின் கீது, தபேலா கீது. ஆனா எல்லாம் ஒரே எடத்துல கீது."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். அன்னிக்கு உப்பு ஒண்ணுமில்ல, பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் குமிழைத் திருப்பி உன்ன ஏமாத்தினேன், உன் எட்டு நாள் என்னாலதான் போச்சு. டாக்டரம்மா கேட்டப்பகூட நான் வாயத் தெறக்கல. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "தெரியும். நீ குமிழத் திருப்பறத பீரோ கண்ணாடில பாத்தேன்."

நான் பீரோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த ஞாயித்துக்கெழம காலில எழுந்தவொடனே அஞ்சலையோட தம்பி போன் பண்ணான். ரைட்டு காதுல வெச்சேன், ஒண்ணும் கேக்கல. லெஃப்டுல வெச்சேன், கேட்டுச்சு. அப்புறந்தான் பாட்ட போட்டேன். மறுநாள் உனுக்கு போன் பண்ணேன், காதுல ஒண்ணுமில்ல, பொட்டிதான்னு நீ சொல்லணும்னு."

"குமிழத் திருப்பறத பாத்துகினு ஏம்ப்பா சும்மா இருந்த? அப்பவே என்னக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, பொட்டில ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருப்ப அண்ணாத்த."